துடைக்காத துண்டு

நான் வேலை செய்யும் கம்பெனியில் துண்டு தயாராகிறது. குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளும் துண்டுதான், ஆனால் அதை வைத்து யாரும் துடைக்க மாட்டார்கள். சேர்ந்த புதிதில் இது என் மண்டையில் ஏறவே இல்லை. மேனேஜரிடம் கேட்டேன். "இது டெக்கரேட்டிவ் டவல். பாத்ரூம் சுவத்துல அழகுக்கு மாட்டி வைப்பாங்க," என்றார். "அப்ப குளிச்சிட்டு எதுல சார் தொடைப்பாங்க?" என்றேன். "அதுக்கு வேற துண்டு வெச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நல்ல வேலதான் போ," என்றாள்.

துண்டுகள் வேறு ஊரிலிருந்து வெள்ளையாக, ஓரம் தைத்து, மாட்டுவதற்கு ஒரு முனையில் நாடாவோடு வந்து இறங்கும். எங்கள் இடத்தில் படம் ஏற்றுவது மட்டும்தான். படம் முதலில் பேப்பரில் அச்சாகும். அந்தப் பேப்பரைத் துண்டின் மேல் பரப்பி, பிரஸ் மெஷினில் வைத்துச் சூட்டோடு அழுத்தினால் படம் பேப்பரை விட்டுத் துணிக்கு வந்துவிடும். படம் ஏறும் பக்கம் வழவழவென்று இருக்கும், ஒரு சொட்டு ஈரத்தையும் இழுக்காது. பின்பக்கம் பருத்தி. அது இழுக்கும். ஆனால் முகத்தில் விமானம் இருக்கும் துண்டைக் கவிழ்த்துப் பிடித்து முதுகு துடைக்க யாருக்கும் கை வருவதில்லை.

ஆமாம், விமானம். எங்களுக்கு வரும் ஆர்டரில் முக்கால்வாசி பழைய போர் விமானங்களின் ஃபோட்டோக்கள். கறுப்பு வெள்ளை, இல்லையென்றால் காப்பிக் கறை நிறம். மூக்கில் காத்தாடி வைத்தவை, இரண்டடுக்கு இறக்கை உள்ளவை, வயிற்றுக்குக் கீழே குண்டு தொங்குபவை. சிலதில் பைலட்டுகள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். எல்லாரும் சின்ன வயதுப் பையன்கள். யார் யாரோடு போட்ட சண்டை, எந்த ஊரின் மேல் எதைப் போட்டுவிட்டு வந்து சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. என் டிபார்ட்மென்டில் விமானத்தில் ஏறியவர் ஒருவரும் இல்லை. நாங்கள் பார்க்க வேண்டியது சாயம் திட்டுத் திட்டாக இருக்கிறதா, படம் கோணியிருக்கிறதா, மடிப்பு விழுந்திருக்கிறதா என்பதுதான்.

எனக்கு செக்கிங் வேலை. மேஜை மேல் ட்யூப்லைட், அதற்குக் கீழே துண்டு, அதற்கு முன்னால் நான். நாள் முழுவதும் என் வாயில் இரண்டே வார்த்தைதான்: சரியென்றால் 'பாஸ்', கழிவென்றால் 'செகண்ட்ஸ்'. வருடக்கணக்காக இதைச் செய்ததில் என் கண் கெட்டுப்போய்விட்டது. பார்வை போகவில்லை, பார்க்கும் விதம் போய்விட்டது. கல்யாண வீட்டில் வாழைமரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதுதான் எனக்குத் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் அப்புறம்தான். என் மனைவி இதைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறாள், அது அவள் பெருந்தன்மை.

வீடு வேப்பம்பட்டில், வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். முன்பு பெரியபாளையம் வழியாகக் கம்பெனி வேன் வந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பேசின் பிரிட்ஜ் வரை ஒரு ட்ரெயின், அங்கே இறங்கிப் படி ஏறி இன்னொரு ட்ரெயின், கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ. திரும்பும்போதும் இதே கூத்து. சாயங்காலம் திருவள்ளூர் வண்டி சென்ட்ரலில் புறப்படும்போதே ஜனங்கள் ஜன்னல் வழியாகத் துண்டையும் பையையும் வீசி இடம் பிடித்திருப்பார்கள். பேசின் பிரிட்ஜில் ஏறுகிறவனுக்குக் கம்பிதான். பகலெல்லாம் துண்டைப் பார்த்துவிட்டு வந்து, துண்டு போட்டு இடம் பிடித்தவர்களின் முன்னால் நின்றுகொண்டே வீடு வந்து சேர்வேன்.

எங்கள் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றவன் என் மச்சான், என் மனைவியின் ஒரே தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். புதுவாயலில் வாடகை வீட்டில் தன் அம்மாவோடு இருந்தான், கல்யாணம் ஆகவில்லை. கைவேலையில் சுத்தம். புதுப்படம் வந்தால் பேப்பரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து என் மேஜையைப் பார்ப்பான். நான் தலையை ஆட்டினால் மெஷினில் வைப்பான். மத்தியானம் இருவரும் ஒரே டிபன் பாக்ஸை நடுவில் வைத்துச் சாப்பிடுவோம்.

அப்புறம் அந்த மேகப் படம் வந்தது. ஒரே ஒரு விமானம், மேலேயிருந்து எடுத்த படம். சுற்றிலும் மேகம். தரை இல்லை, மரம் இல்லை, வெயில் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. எழுத்து, எண் எதுவும் இல்லை. அன்று எனக்குக் காய்ச்சல், நான் லீவ். அவன் யாரையும் கேட்காமல் அந்த ஆர்டருக்கு வந்த துண்டுகளை, லாட் முழுவதையும் அழுத்தி வைத்துவிட்டான். மறுநாள் நான் வந்து ஒரு துண்டை நாடாவைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். விமானத்தின் மூக்கு நேராகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா மச்சான், உழுதே," என்றேன். வானத்திலிருந்து விழுகிற மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

"உழல மாமா, எறங்குது," என்றான்.

"எறங்கற வண்டி மூக்க இப்படியா குத்தும்? இது உழுது. காசு குடுத்து வாங்கி, ஒருத்தன் சுவத்துல உழற வண்டிய மாட்டுவானா?"

"சண்ட வண்டி மாமா. குண்டு போட அப்படித்தான் பாயும்."

"நீ போய்ப் பாத்தியா?"

"நீ பாத்தியா?"

இருவரும் பார்க்கவில்லை. ஆனால் செக்கிங் என் பொறுப்பு. 'செகண்ட்ஸ்' என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு அதே துண்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதைத்தான் சொல்வேன். மேனேஜர் அவனைப் பிரஸ்ஸிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம்கூட அவன் அங்கே நிற்கவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் எல்லார் முன்னாலும் என்னிடம் வந்தான். "நீ கழிச்சது துண்ட இல்ல மாமா, என்னத்தான். இனிமே உன் தெருப் பக்கம் தல வெச்சிகூடப் படுக்க மாட்டேன்," என்றான். நானும் சும்மா இருக்கவில்லை. "தல எது கால் எதுன்னே தெரியாதவன், எப்படிப் படுத்தா எனக்கின்னா," என்றேன். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அவன் அதே ரோட்டில் வேறு கம்பெனியில் சேர்ந்துகொண்டான். கழித்த லாட்டை வேலையாட்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். அவன் கணக்கை முடித்த அன்று அவன் கையிலும் ஒன்றைத் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். புதுவாயல் பக்கம் கம்பெனி ஆட்கள் தங்கும் ரூம்களில் இன்றும் அந்த விமானத்தைப் பார்க்கலாம். ஜன்னலுக்குத் திரையாக, டிவிக்கு மூடாக்காக, அயர்ன் பண்ண விரிப்பாக. துடைப்பதற்கு மட்டும் ஒருவரும் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் அது பாத்ரூம் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கியது. என் அப்பா எங்களோடுதான் இருந்தார். நடமாட்டம் குறைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்வருவார். போகும்போது பேச மாட்டார், வெளியே வரும்போது அந்தத் துண்டின் முன்னால் நின்று மூச்சு வாங்குவார். வாங்கி முடித்ததும், "இது உழலடா, எறங்குது," என்பார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொல்வார். மச்சான் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். கழற்றிவிடலாம் என்று ஒருநாள் கையை வைத்தேன், சத்தம் போட்டார். விட்டுவிட்டேன். தினமும் இரண்டு ட்ரெயின் மாறி வருகிறவனுக்கு வீட்டிலும் வழக்காட எங்கே தெம்பு இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாமியார் மட்டும் புதுவாயலிலிருந்து வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். மச்சான் வீட்டுக்கு வரவில்லை. நேராகச் சுடுகாட்டுக்கு வந்து, தூரத்தில் ஒரு வேலமரத்தடியில் நின்றுவிட்டு, புகை எழுந்ததும் போய்விட்டான். சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றினான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வந்தவர்களுக்கு டீ சொல்வதும், சர்டிஃபிகேட்டுக்கு அலைவதும், திருவள்ளூருக்கு ஓடி ஆஃபீஸ் வாசலில் காத்திருப்பதுமாக அழுவதற்கே நேரம் கிடைக்கவில்லை. அழுகை வரவும் இல்லை. உடம்பில் களைப்பு மட்டும்தான் இருந்தது.

மனைவிக்கு வேறு கவலை. எங்கள் பக்கம் கருமாதி அன்று, மகன் மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், அவன் மனைவியின் கூடப்பிறந்தவன் புது வேட்டி கொடுத்து, புதுத் துண்டை அவன் தலையில் கட்டிவிட வேண்டும். உருமா கட்டுவது என்று சொல்வோம். அந்தத் துண்டு தலையில் ஏறினால்தான் துக்கம் முடிந்ததாகக் கணக்கு. மச்சான் இல்லாதவனுக்கு மனைவியின் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் யாராவது கட்டுவார்கள், குற்றமில்லை. ஆனால் கூடப்பிறந்தவன் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு வராமல் போனால், அங்கே தலைகுனிவது நானல்ல, அவள்.

தினமும் அவனுக்கு ஃபோன் போட்டாள். "பாக்கலாம்கா," என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. "நீ ஒரு வார்த்த கூப்புடு," என்று என்னிடம் சொன்னாள். நான் செலவுக் கணக்கு நோட்டைப் புரட்டினேன்.

"உனக்கு அவன் வேணாம். சரி. எனக்கு அன்னிக்கி அந்த எடத்துல நிக்க ஒருத்தன் வேணும். உன் பங்காளிங்க எல்லாம் வரிசையா நிப்பாங்க. எங்க ஊட்லேந்து ஒருத்தனும் வரலன்னா நான் எந்த மூஞ்ச வெச்சிகினு அங்க நிக்கறது?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை கூப்பிட்டிருப்பேன். வரப்போகிறவன் தானாக வருவான் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

கருமாதி அன்று தெருவில் ஷாமியானா போட்டிருந்தது. மொட்டை அடித்து, குளித்து, ஈர வேட்டியோடு பலகையில் உட்கார்ந்தேன். தலையிலிருந்து நீர் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைக்கக் கூடாது, உருமா ஏறும்வரை அப்படியே இருக்க வேண்டும். ஷாமியானாவில் ஒரு தையல் பிரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்காளிகளில் மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் பொறக்கப் போவுது. உருமா கட்ட யார் வரா?" என்று கேட்டார். என் மனைவி வாசற்படியில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் ஒரு ஃபோன் செய்திருக்கலாம்.

மூத்தவர் இன்னொரு முறை கேட்டு, என் மனைவியின் பெரியப்பா மகனைக் கண்ணால் தேட ஆரம்பித்த நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், கையில் ஒரு மூட்டை. பின்னால் அவன், தோளில் பை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் படியிலிருந்து இறங்கி வந்தாள்.

பையைத் திறந்து வேட்டியை எடுத்தான். உள்ளே கையை விட்டுத் துழாவினான். அப்புறம் கையை வெளியே எடுத்துக்கொண்டு நின்றான்.

"துண்டு எங்கடா?" என்றாள் அக்கா.

"வண்டில போய்ட்சிக்கா."

"எந்த வண்டில?"

"சென்ட்ரல்ல திருவள்ளூர் வண்டி நின்னுகினு இருந்திச்சி. செம கூட்டம். அம்மாவுக்கு முட்டி வலி, நிக்க முடியாது. பைல மேல அதான் இருந்திச்சி, எடுத்து ஜன்னல்ல போட்டேன். சீட்டு கெடச்சிது. அம்மா ஏறி வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான். துண்டு மட்டும் சீட்டுல ஒக்காந்து போச்சி. நாங்க அடுத்த வண்டில வந்தோம்."

பின் வரிசையிலிருந்து ஒருவர், "துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடியாந்திருக்கான்பா," என்றார். அவ்வளவுதான். பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், மூத்தவர் தோள் குலுங்கியது. கருமாதி வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. அப்பா இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

சிரிப்பு அடங்கியதும் பேஜார் ஆரம்பித்தது. கடைக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. பங்காளி ஒருவர் தன் தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினார். "வாணாம்," என்றாள் என் மனைவி. "எங்க ஊட்லேந்து வந்ததுதான் ஏறணும்." சொல்லிவிட்டு, தன் அம்மா மடியில் வைத்திருந்த மூட்டையைப் பார்த்தாள். அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் சேர்த்துக் கட்டியிருந்த துணி அது. அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டிவிட்டுத் துணியை உதறினாள். மேகம். நடுவில் விமானம். மூக்கு கீழே.

"படம் போட்டதெல்லாம் கட்டக் கூடாதும்மா. அதுவும் பழைய துணி," என்றார் மூத்தவர்.

"தண்ணி பட்டாத்தான மாமா பழசு?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத் தன் அம்மாவிடம் திரும்பினாள். "யம்மா, இத்த வெச்சி யாராவது ஒரு நாளாவது தொடச்சீங்களா?"

"இத்தயா?" என்றார் மாமியார். "இதுல இன்னாத்தத் தொடைக்கறது? ஒரு சொட்டு இழுக்காதே. வாங்கியாந்த அன்னிக்கே மடிச்சி வெச்சேன். இன்னிக்கித்தான் வெளிய எடுத்தேன்."

"கேட்டீங்களா? அப்ப கோடித் துணிதான்," என்றாள் என் மனைவி. அந்தக் குரலில் அவள் பேசினால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, கட்டச் சொல்லு," என்றார்.

அவள் தம்பியின் கையில் துண்டைக் கொடுத்தாள். அவன் என் எதிரே வந்து, வேட்டியை என் மடியில் வைத்தான். துண்டை இரண்டு கையாலும் தூக்கி விரித்தான். விரித்தவன் அப்படியே நின்றுவிட்டான். "இன்னாப்பா யோசன?" என்று யாரோ அதட்டினார்கள். அவன் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"மூக்கு மேலயா மாமா, கீழயா?"

டீக்கடைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கேலி செய்கிறானோ என்று நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை. பிரஸ்ஸில் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மேஜையைப் பார்ப்பானே, அதே முகம். நான் தலையை ஆட்டுவதற்காகக் காத்திருந்தான்.

"எப்படிக் கட்டினாலும் பாஸ்தான் மச்சான்," என்றேன். அப்பா செத்ததிலிருந்து வராத அழுகை, அத்தனை பேர் முன்னால், ஷாமியானாவுக்குக் கீழே வந்தது. நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் தோன்றவில்லை. அவன் என் ஈரத் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டினான். மூக்கை எந்தப் பக்கம் வைத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் இல்லை. என் மனைவி அவனுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள்.

தலையில் கட்டியது போக மிச்சம் தோளில் தொங்கியது. அதை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். கண்ணீர் முகமெல்லாம் வழுக்கிக்கொண்டு பரவியதே தவிர, போகவில்லை. மறுபடி துடைத்தேன். அவன் என் கையிலிருந்து அந்த முனையை வாங்கித் திருப்பி, பருத்திப் பக்கத்தை மேலே வைத்துக் கையில் கொடுத்தான்.

"அந்தப் பக்கம் தொடைக்காது மாமா," என்றான். "இப்படி தொடச்சிக்கோ."